ஆத்துக்காரர்கள்

டோக்கியோவிலிருந்து வந்த மறுநாள் காலை மாடியிலிருந்து இறங்கி, மாமியின் கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டியைக் கொடுத்தேன். பஞ்சில் பொதிந்திருந்த கண்ணாடிக் குப்பியை இரண்டு விரலால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கா ஜப்பான் வரைக்கும் போனே? பீஸ் போன பல்பு மாதிரின்னா இருக்கு.”

“வால்வு மாமி. ஈ.எல்.84. மாமாவோட டேப் ரெக்கார்டருக்கு.”

மாமி பதில் சொல்லவில்லை. குப்பியை மறுபடி பஞ்சில் வைத்து, பெட்டியை மூடி, சாமி அலமாரியில் விபூதிச் சம்படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதற்காக நான் போகவில்லை என்பதை இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன். போனது கம்பெனி வேலையாக, பன்னிரண்டு நாள். பகலெல்லாம் மீட்டிங். இரவுகள் மட்டும் என்னுடையவை. வால்வு ஒரு சாக்கு. சும்மா ஊர் சுற்றுகிறவன் கையில் ஒரு சாமான் சீட்டு இருந்தால் நடையில் ஒரு யோக்கியம் வந்துவிடுகிறது.

மல்லேஸ்வரத்தில் இந்த வீட்டு மாடிக்கு நான் குடிவந்தது 2006-ல். திருநெல்வேலிக்காரன். வந்த முதல் வாரம் மாமா போனில் யாரிடமோ “ஆத்துலதான் இருக்கேன்” என்று சொன்னபோது எனக்குத் தாமிரபரணிதான் கண்ணில் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு போன் பேசும் மனிதர். ஆற்றுக்கும் அகத்துக்கும் வித்தியாசம் பிடிபட எனக்கு இரண்டு மாதம் ஆனது. கணவரைப் பற்றிப் பேச வேண்டிவந்தால் மாமி “எங்காத்துக்காரர்” என்பார். அந்தச் சொல்லின் முழு அர்த்தம் எனக்கு டோக்கியோவில்தான் விளங்கியது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

மாமா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய உத்தியோகம் வேறு, வாழ்க்கை வேறு. வாழ்க்கை முழுக்கப் பின்கட்டில் ஓர் அறையில் இருந்தது. தரையிலிருந்து கூரை வரை ஸ்பூல் டேப்புகள், அதற்கப்புறம் கேசட்டுகள், அவற்றுக்கு நோட்டுப் புத்தகங்கள். அறுபதுகளின் நடுவில் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஜெர்மன் டேப் ரெக்கார்டரை வாங்கியிருக்கிறார். பத்து கிலோவுக்குக் குறையாது. ஒவ்வொரு கோடையிலும் சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ஸ்ரீ ராமசேவா மண்டலியின் ராமநவமிக் கச்சேரிகளுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போவார். 1939-ல் தொடங்கிய அந்த உற்சவத்தில் பாடாத பெரிய வித்வான் கிடையாது. மைக்செட்காரரைச் சிநேகம் பிடித்து மின்சாரம் வாங்கி, முதல் வரிசையில் நாற்காலிக்குக் கீழே மைக்கை வைப்பார். ஏழு அங்குல ஸ்பூல் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் சொச்சம்தான் ஓடும். கச்சேரியோ மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். ஸ்பூலைத் திருப்பிப் போடும் அரை நிமிடத்தில் ராகத்தின் ஒரு பிடி போய்விடும். நோட்டில் அந்த இடத்தைச் சிவப்பு மையில் குறித்து வைத்திருப்பார்: “காம்போதி, மேல் ஸட்ஜமம் தொடும்போது டேப் மாற்றம். போச்சு.”

அந்தப் “போச்சு” எனக்கு மிகவும் பிடிக்கும்.

2018-ல் மாமா காலமானார். அறை அப்படியே இருக்கிறது. டேப் ரெக்கார்டர் அதற்கும் முன்பே பேச்சை நிறுத்திவிட்டது. திறந்து பார்த்தேன். பெல்ட் இளகிப் பிசினாகியிருந்தது, ஒரு வால்வு உள்ளே வெளுத்திருந்தது. கண்ணாடிக்குள் வெள்ளை படர்ந்தால் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு வைத்தியம் கிடையாது. எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். சதர் பத்ரப்பா ரோடு என்கிற முழுப் பெயர் பலகையில் மட்டும் இருக்கும். டவுன்ஹால் பக்கம், நகரத்தின் கம்ப்யூட்டர் உதிரிகளெல்லாம் வந்து சேருகிற சந்து. பெங்களூரில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரைக் கோத்துப் பார்த்த எவனுடைய கையிலும் அந்தத் தெருவின் தூசி ஒட்டியிருக்கும். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு எப்படியோ அப்படி. ஒரு பழைய கடைக்காரர் வால்வைக் கையில் வாங்கி, பேரன் போட்டோவைப் பார்ப்பது போலப் பார்த்தார். “ஐ.சி.யே பழசாப் போச்சு சார், நீங்க வால்வு கேக்கறீங்க.” வேடிக்கை என்னவென்றால், மல்லேஸ்வரத்திலிருந்து பஸ் பிடித்தால் அதிக நேரம் ஆகாத ஜாலஹள்ளியில், 1954-ல் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸில், ஒரு காலத்தில் இந்த வால்வுகளைச் செய்துகொண்டிருந்தார்கள்.

டோக்கியோவில் வால்வைத் தேடி நான் போனது அகிஹபாராவுக்கு. அந்தப் பெயருக்குள் ஒரு பொட்டல் இருக்கிறது. 1869-ல் கந்தா பகுதியில் பெரும் தீ. எரிந்த இடத்தை இனித் தீ தாண்டாதபடி வெறுமையாகவே விட்டு, மறுவருடம் அங்கே தீயணைக்கும் சாமிக்கு ஒரு கோயில் கட்டினார்கள். ஜனங்கள் அது அகிபா சாமிதான் என்று நினைத்துக்கொண்டு அகிபாவின் வெளி, அகிபாவின் வெளி என்று சொல்லிச் சொல்லியே பெயர் நிலைத்துவிட்டது. உலகப் போர் முடிந்தபோது அந்தச் சுற்றுவட்டாரத்தில் தெருவோரக் கள்ளச் சந்தை முளைத்தது. ராணுவத்தின் கழிவுச் சரக்கு, வால்வு, கம்பிச் சுருள், ஸ்பீக்கர். பக்கத்தில் ஒரு மின்பொறியியல் கல்லூரி இருந்தது. அதன் மாணவர்கள் உதிரிகளை வாங்கி ரேடியோ கோத்து விற்றார்கள். 1949-ல் ஆக்கிரமிப்பு நிர்வாகம் தெருக்கடைகளையெல்லாம் எடுக்கச் சொன்னது. கடைக்காரர்கள் கூடிப் பேசியதில் ரயில்பாலத்துக்கு அடியில் இடம் கிடைத்தது. இன்றும் அங்கேதான். தலைக்கு மேல் இரண்டு நிமிடத்துக்கொரு ரயில் ஓட, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைச் சாய்க்க வேண்டிய நடைபாதையில், நம்மூர் வெற்றிலைபாக்குக் கடை அகலத்தில் வரிசையாகக் கடைகள். ஒன்றில் ஸ்விட்ச் மட்டும். ஒன்றில் கம்பி மட்டும், முழம் கணக்கில் பூக்காரி அளப்பது போல அளந்து தருகிறார்கள்.

வால்வுக் கடையில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். நான் எண்ணைத் தாளில் எழுதி நீட்டினேன். எழுந்திருக்காமலே கையைப் பின்னால் நீட்டி ஓர் இழுப்பறையைத் திறந்தார். ரஷ்யச் சரக்கு, ஜப்பானில் மத்சுஷிதா செய்த பழைய சரக்கு என்று இரண்டை மேஜையில் வைத்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். பெங்களூர் என்றேன். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளிநாட்டில் எல்லோரும் சொல்வது சாஃப்ட்வேர். இவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, “பெல்?” என்றார். பி.இ.எல்., அதாவது பாரத் எலக்ட்ரானிக்ஸ். முகம் மலர்ந்து கட்டைவிரலை உயர்த்தினார். என் ஊரை ஜாலஹள்ளி வால்வுகளின் ஊராக அறிந்திருந்த ஒரே மனிதரை அந்த ரயில்பாலத்தின் அடியில் பார்த்தேன். மத்சுஷிதாவை வாங்கிக்கொண்டேன். கையில் இருந்தால் பெல்லையே தந்திருப்பார்.

அகிஹபாராவை ஆற்றுப்படுகையின் வண்டல் போல அடுக்கடுக்காகப் படிக்கலாம். அடியில் ரேடியோ. அதன்மேல் குளிர்பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி. அதன்மேல் கம்ப்யூட்டர். 1962-ல் எட்டு மாடியாக எழுந்த ரேடியோ கைகான் கட்டடத்தின் ஏழாம் மாடியில் 1976-ல் என்.இ.சி. நிறுவனம் ஒரு சின்னக் கடை திறந்து, நீங்களே கோத்துக்கொள்ளுங்கள் என்று நுண்செயலிப் பலகைகளை விற்றது. பையன்கள் மொய்த்தார்கள். ஜப்பானில் தனியாள் கம்ப்யூட்டர் பிறந்த இடம் அது என்கிறார்கள். அதற்கும் மேல் வீடியோ விளையாட்டு, அனிமே, பொம்மை. பழைய கட்டடத்தை இடித்து 2014-ல் புதிதாகக் கட்டிய ரேடியோ கைகானில் மாடிமாடியாக ஏறினேன். பெயரில்தான் ரேடியோ.

அங்கே ஒரு தளத்தில் கண்ணாடிப் பெட்டிகள், சுவர் முழுக்க, நம்மூர் போஸ்ட் ஆபீஸில் தபால் பெட்டி எண்கள் இருக்குமே அந்த மாதிரி. ஒவ்வொரு பெட்டியும் ஒரு தனிமனிதருக்கு வாடகைக்கு. தன்னிடம் இருப்பதை, தனக்கு வேண்டாததை, அல்லது இனி வைத்துக்கொள்ள முடியாததை அவர் அதில் வைத்து விலை எழுதிவிட்டுப் போகலாம். ஒன்றில் முப்பது ரயில் டிக்கெட்டுகள். ஒன்றில் ஒரே ரோபோவின் பதினோரு கைகள், உடம்பு இல்லாமல். ஒன்றில் ஒரு பிளாஸ்டிக் டைனோசர் மட்டும், தனியாக. அலுவலகச் சட்டையும் கழுத்துப்பட்டையுமாக ஐம்பது வயது ஆள்கள் கண்ணாடியில் மூக்கு படாத தூரத்தில் குனிந்து நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் ஒன்றையே பார்த்தார்கள். ராமநவமிக் கச்சேரியில் முதல் வரிசை அப்படித்தான் உட்கார்ந்திருக்கும்.

இவர்களை ஒட்டாக்கு என்கிறார்கள். அகராதியைப் பிரித்தால் அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘உங்கள் வீடு’. மரியாதையாக ‘நீங்கள்’ என்று அழைக்கவும் ஜப்பானியர்கள் அதைச் சொல்வதுண்டு. “உங்காத்துல அந்த மூணாவது பாகம் இருக்கா?” இந்தப் பையன்கள் சித்திரக்கதைச் சந்தைகளில் ஒருவரையொருவர் அப்படி அளவுக்கு மீறிய பணிவோடு அழைத்துக்கொள்வதைக் கேலி செய்து, அகியோ நகமோரி என்ற பத்திரிகையாளர் 1983-ல் ஒரு மாங்கா இதழில் எழுதினார். கேலி பெயராகிவிட்டது. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பவன், வீட்டையே பட்டமாகச் சுமப்பவன். ஹோட்டல் அறையில் இதைப் படித்தபோது தனியாகச் சிரித்தேன். எங்காத்துக்காரர்! மாமி ஐம்பது வருடமாக அந்த ஜப்பானியச் சொல்லைத்தான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

நம்மிடம் இதற்குச் சொற்கள் குறைவில்லை. பித்து, கிறுக்கு, வெறி. கல்லூரி விடுதியில் ‘பழம்’. கன்னடத்தில் ‘ஹுச்சு’. எல்லாமே மண்டையைப் பற்றிய சொற்கள். ஜப்பானியச் சொல் மட்டும் ஒரு முகவரியைச் சொல்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு இருட்டை மறைத்தால் நியாயமில்லை. 1989-ல் சிறுமிகளைக் கொன்ற ஒருவன் பிடிபட்டு, அவன் அறை நிறைய வீடியோ டேப்புகள் இருந்ததைப் பத்திரிகைகள் படம்பிடித்துப் போட்டபின், அந்தச் சொல் பல வருடங்கள் வசவாக இருந்தது. 2008 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, வாகனங்களை நிறுத்தி ஜனங்கள் தெருவில் உலவவிடப்பட்ட மதியம், ஒருவன் வாடகை லாரியை அகிஹபாராக் கூட்டத்துக்குள் விட்டு, இறங்கிக் கத்தியால் குத்தி, ஏழு பேரைக் கொன்றான். அதன் பிறகு 2011 ஜனவரி வரை ஞாயிறு நடைத்தெரு கிடையாது. சக ஊழியர்கள் வற்புறுத்தி இழுத்துப்போன மெய்ட் கஃபேயிலும் நான் நெளிந்துகொண்டுதான் இருந்தேன். பணிப்பெண் வேடமிட்ட பெண் முட்டைச் சோற்றின் மேல் சாஸால் பூனை வரைந்து “எஜமானரே” என்கிறாள். பில்லில் ஒவ்வொரு கொஞ்சலுக்கும் ஒரு தொகை. சுற்றிலும் சிரித்த முகங்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொருளின் மேல் வைத்த பித்து ஒரு ஜாதி, ஆள் துணைக்கான ஏக்கம் வேறு ஜாதி. இரண்டையும் ஒரே தெருவில் விற்பதால் ஒன்றாகிவிடாது. இது என் பழமைவாதமாகவும் இருக்கலாம்.

எனக்குப் பிடித்த இரவு டோக்கியோவின் ஷிபுயா பகுதியில். அங்கே லயன் என்று ஒரு காப்பிக்கடை. 1926-ல் தொடங்கி, போரில் எரிந்து, 1950-ல் மறுபடி கட்டியது. சுற்றிலும் காதல் ஜோடிகளுக்கு மணிக்கணக்கில் அறை தரும் விடுதிகள். கதவைத் திறந்தால் இருட்டு. இரண்டு மாடி உயரத்துக்கு மரத்தால் செய்த ஸ்பீக்கர், கோயில் கருவறை மாதிரி. எல்லா நாற்காலிகளும் அதைப் பார்த்தே போடப்பட்டிருக்கின்றன. பேசக் கூடாது. ஒரு காப்பி வாங்கிக்கொண்டு இசைத்தட்டில் மேற்கத்திய செவ்வியல் இசை கேட்கலாம். நான் போனபோது பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு மேஜை. ஒரு வயலின் தொடங்கியது. பழக்க தோஷத்தில் என் கை தொடையில் தாளம் தேட, பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை, ஆச்சரியம். கையை மடக்கி வைத்துக்கொண்டேன். நம் சபாவில் ‘ஆஹா’, ‘பலே’ இல்லாவிட்டால் வித்வானுக்கு ஓடாது. இங்கே வித்வான் தட்டில் இருக்கிறார், ஆஹா சொல்லி என்ன ஆகப்போகிறது. ஆனாலும் அந்த மௌனத்தில் ஒரு கூட்டுத் தன்மை இருந்தது. ஆளுக்கொரு வீட்டில் கேட்கக்கூடிய இசைத்தட்டைக் கேட்க இவர்கள் ரயிலேறி வந்திருந்தார்கள்.

லயனுக்குப் போகும் வழியில் ஷிபுயாவில் இன்னொன்றையும் தேடினேன். சினிமா ரைஸ் என்ற தியேட்டர் இருந்த இடம். 1998-ல் ‘முத்து’ அங்கேதான் ஓடியது, வாரக்கணக்கில், மாதக்கணக்கில். தியேட்டர் 2016-ல் மூடியாகிவிட்டது. பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்தவருக்கு இந்தத் தெருவில் வரிசை நின்றிருக்கிறது. 2023-ல் ‘ஜெயிலர்’ வெளியான அன்று ஒசாகாவிலிருந்து ஒரு தம்பதி சென்னைக்கே வந்து படம் பார்த்தது செய்தியானது. ரஜினிக்கும் ஒட்டாக்கு உண்டு என்பதில் வியப்பென்ன, கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றும் நம் பையன்களுக்கு வேறு என்ன பெயர்?

லயனிலிருந்து கிளம்பி, எண்பதுகளின் பெட்டிகளை இன்னும் ஓடவிடும் ஒரு விளையாட்டுக் கூடத்தில் நேரம் போனதே தெரியாமல், ஷூதென்னைத் தவறவிட்டேன். ஷூதென் என்றால் கடைசி ரயில். அந்த ஊரின் இரவு முழுவதும் அந்தச் சொல்லில்தான் தொங்குகிறது. பன்னிரண்டு மணிக்கு மேல் ஜனங்கள் ஓடுவார்கள், தவறவிட்டவர்கள் காலை முதல் ரயில் வரை இரவுக்குச் சொந்தக்காரர்கள். நான் ஒரு மாங்கா கஃபேயில், தடுப்புப் பலகை போட்ட ஆறடிப் பொந்தில், படிக்கத் தெரியாத சித்திரக்கதையை வைத்துக்கொண்டு ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ பக்கம் புரட்டும் சத்தம். கைக்கடிகாரத்தில் இன்னும் இந்திய நேரம். டோக்கியோவில் பன்னிரண்டரை ஆகும்போது மல்லேஸ்வரத்தில் ஒன்பது மணி. மார்கோசா ரோட்டில் ஷட்டர் இறங்கும் நேரம். சம்பிகே ரோட்டில் எட்டாவது கிராஸ் பூக்காரர்கள் மீந்த மல்லிகைக்கு ஈரத்துணி போர்த்தும் நேரம். எங்கள் ஊரின் ஷூதெனும் அதே கணத்தில்தான்.

பெங்களூரில் இரவு இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. பப்களின் ஊர் என்று எண்பதுகளிலேயே பெயர் வாங்கியது. பிறகு பல ஆண்டுகள் பதினொன்றரைக்கு விளக்கை அணைத்தார்கள், ஆடக் கூடாது என்றார்கள், நேரடி இசைக்கு உரிமம் என்றார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டோக்கியோவையும் பெரிதாக எண்ண வேண்டாம். அங்கேயும் 1948-ன் சட்டம் ஒன்று நள்ளிரவுக்கு மேல் நடனத்தைத் தடுத்தது, அதைத் தளர்த்த 2016 ஆனது. ஆனால் பெங்களூரின் பெரிய இரவு பப்பில் இல்லை. அது ஷிப்டில் இருக்கிறது. நியூயார்க்கில் காலை விடியும்போது இங்கே மாலை, அவர்கள் மதியச் சாப்பாடு முடிக்கும்போது இங்கே நடுநிசி. வெள்ளை வண்டிகள் மல்லேஸ்வரம் கிராஸ்களில் பையன்களையும் பெண்களையும் அள்ளிக்கொண்டு போகும். இந்த நகரம் இரவு முழுக்க விழித்திருக்கிறது, இன்னொருவருடைய பகலுக்காக. நானும் ஆறு வருடம் அப்படி விழித்திருந்தேன். அந்த ஆறு வருடத்தில் எனக்கென்று செய்துகொண்டது எதுவும் நினைவில்லை.

கொஞ்ச காலம் வேறு மாதிரியும் இருந்தது. பிரிகேட் ரோட்டில் 1996-ல் திறந்த முதல் காஃபி டே இன்டர்நெட் கஃபேதான், காப்பி துணைக்கு. நான் வந்த புதிதில் சம்பிகே ரோட்டை ஒட்டி ஒரு மாடியில் கேமிங் பார்லர் இருந்தது. பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள், கவுன்டர் ஸ்டிரைக், வியர்வை, பஃப்ஸ் வாசனை. பத்து மணிக்கு அப்பாக்கள் படியேறி வந்து காதைப் பிடித்துக் கூட்டிப் போவார்கள். இப்போது அந்த இடத்தில் சேலைக்கடை. 2012-லிருந்து அநேகமாக வருடத்துக்கொரு முறை காமிக் கான் வருகிறது. தெர்மகோல் இறக்கை கட்டிய பெண் ஆட்டோவுக்குள் நுழைய முடியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து போனதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று நாள் திருவிழா. முடிந்ததும் இறக்கை பரணுக்குப் போய்விடும்.

இங்கேதான் ராமனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சர் சி.வி. ராமன், திருவானைக்காவலில் பிறந்தவர், 1933-ல் டாட்டா இன்ஸ்டிட்யூட்டுக்கு இயக்குநராக வந்து பெங்களூர்க்காரரானவர். மல்லேஸ்வரத்தில் ‘பஞ்சவடி’ அவர் வீடு. மரங்களுக்கு நடுவே இன்னமும் நிற்கிறது, வாக்கிங் போகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவர் கதையில் நோபல் பரிசைவிட எனக்கு முக்கியம் ஒரு கதவு. 1907-ல் பதினெட்டு வயதில் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி. ஒருநாள் டிராமில் போகும்போது பவ்பஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை, அறிவியல் வளர்ச்சிக்கான இந்தியக் கழகம். இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். 1876-ல் மகேந்திரலால் சர்க்கார் தொடங்கிய அந்தக் கழகத்தில் கருவிகள் தூசியில் கிடந்தன. கதவைத் திறந்தவர் ஆசுதோஷ் தே, அங்கே சிப்பந்தி. பின்னால் ராமனின் ஆய்வுத் துணையாகி, தன் பெயரிலேயே ஆய்வுக் கட்டுரை எழுதியவர். ஆபீஸுக்கு முன் விடிகாலையிலும் ஆபீஸுக்குப் பின் இரவு ஒன்பது பத்து மணி வரையிலும் ராமன் அங்கே. பிறகு கழகத்தை ஒட்டிய வீட்டுக்கே குடிபோய், சுவரில் வழி திறந்து இடையில் ஒரு கதவு போட்டுக்கொண்டார். எந்நேரமும் போகலாம், வரலாம்.

அந்த இரவுகளில் அவர் பார்த்தது பெரும்பாலும் என்ன என்று நினைக்கிறீர்கள்? வயலின். வில் படும்போது தந்தி எப்படி அதிர்கிறது, ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில் மட்டும் வாத்தியம் ஏன் ஓநாய் மாதிரி ஊளையிடுகிறது என்று வருடக்கணக்கில். ஒரே சீராக வில் போட மனிதக் கை போதாது என்று வயலின் வாசிக்க இயந்திரம் ஒன்றைக் கட்டினார். மிருதங்கத் தோலில் சாதம் அப்பியதும் ஒலி ஏன் சுருதியோடு இணைகிறது என்று 1920-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அகிஹபாராக் கண்ணாடிப் பெட்டிமுன் நின்ற ஆள்களுக்கு அவர் தாத்தா.

பஞ்சவடியிலிருந்து நடந்தால் வையாலிகாவல் பக்கம் சௌடையா நினைவு மண்டபம். ஏழு தந்தி வயலினை உருவாக்கிய திருமகூடலு சௌடையாவுக்காக 1980-ல் வயலின் வடிவத்திலேயே கட்டிய கட்டடம், தந்தி, பிரடை, வில் எல்லாம் உண்டு. மைக் இல்லாத காலத்து அரங்கில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்று தந்திகளைக் கூட்டிய மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான கிறுக்குத்தனம் செய்திருக்க முடியாது. வெளியூர் நண்பர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். ஒரு வீட்டுக்குள் இருந்த பித்து தெருவுக்கு வந்து கான்கிரீட்டாக நிற்பது இந்த ஊரில் அநேகமாக அது ஒன்றுதான்.

மாமாவின் அறைக்கு அப்படி ஒரு கதவு இல்லை. அவரைப் போல ஊரில் நாலைந்து பேர் இருந்தார்கள், ஒருவருக்கொருவர் டேப் கொடுத்து வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். “உங்காத்துல அந்த 68 தோடி இருக்கோ?” அவர்களுக்குச் சந்தை கிடையாது, கடை கிடையாது, வாடகைக் கண்ணாடிப் பெட்டி கிடையாது. ஒருவர் போனால் பழைய பேப்பர்காரர் வருவார். டேப்பை அவர் எடுக்க மாட்டார், நோட்டுகளை எடுப்பார். அந்த நோட்டுகளில் தேதி, இடம், பக்கவாத்தியம், ராகம், எத்தனை நிமிடம், எங்கே ‘போச்சு’, எல்லாம் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆள் பெயர்களையெல்லாம் சுப்பராயலுவோடும் மத்சுயியோடும் சேர்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றி 1978-ல் மூன்று தொகுதிகளாகப் போட்டாரே நொபொரு கராஷிமா, ஜப்பானியர், அவர் கையில் இந்த நோட்டுகள் கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டார். நமக்குப் பெயர் எண்ணிச் சொல்லவும் அங்கிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. அகிஹபாராவிலும் எல்லாம் நிலைத்து நிற்கவில்லை. பாலத்தடியில் 1949-லேயே தொடங்கிய ரேடியோ ஸ்டோர் அங்காடி 2013 நவம்பரோடு மூடப்பட்டது. ஆனால் அதை மூடிய அன்று வழியனுப்ப ஒரு தெரு இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வால்வைப் பொருத்தினேன். பெல்ட்டுக்குத் தையல் மெஷின் கடையில் ஒரு ரப்பர் வளையம் கிடைத்தது. மாமி நாற்காலியை அறை வாசலில் போட்டுக்கொண்டார், உள்ளே வரவில்லை. ஸ்பூல் பெட்டியைத் திறந்ததும் குப்பென்று காடி வாசனை. பழைய அசிடேட் டேப் சாகிற வாசனை அது. ஸ்விட்சைப் போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. வால்வு சூடாக அரை நிமிடம் ஆகும். குப்பிக்குள் மெல்ல ஆரஞ்சு நிறம் ஏறியது. இரைச்சல், பிறகு தம்புரா, பிறகு யாரோ ஒரு பெரிய குரல். பெல்ட் கொஞ்சம் நழுவியதால் சுருதி அரைக் கட்டை இறங்கியிருந்தது. வித்வான் கல்யாணியை விரித்துக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்றதும், மைக்குக்கு வெகு அருகில் ஓர் ஆண் குரல், அவரையே அமுக்குகிற சத்தத்தில், “ஆ…ஹா!”

நான் மாமியைத் திரும்பிப் பார்த்தேன். கண் கலங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

“அவர் இல்லை,” என்றார் மாமி. “ரெக்கார்டிங் போறச்சே எங்காத்துக்காரர் மூச்சுகூட விடமாட்டார். இது பக்கத்து நாற்காலி. அன்னிக்கு ராத்திரி ஆத்துக்கு வந்து இந்த ஆளைத் திட்டித் தீர்த்தார்.”

டேப் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே எங்கோ ஒரு ஷட்டர் இறங்கியது. மாமி நாற்காலியை அறைக்குள் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, “அந்தப் பக்கம் முடிஞ்சா சொல்லு. காம்போதி அதுலதான் இருக்கு,” என்றார்.